நாலாவது ஜாக்கெட்

ஒன்றுமில்லை, வைரல் காய்ச்சல்தான் என்று டாக்டர் சொன்னதை நம்புவதா வேண்டாமா என்று மனசு ஒரு முடிவுக்கு வருவதற்குள் ஜெசிந்தாவின் ஸ்கூட்டர் பைபாஸ் ரோட்டுக்கு வந்துவிட்டது. ஊருக்குள் போகிற ரோட்டைக் குடிநீர்க் குழாய்க்காகத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். இல்லையென்றால் விளக்கு வைக்கிற நேரத்தில் இந்தப் பக்கம் வருகிறவளா அவள். மேற்கே வானத்தில் ஒரு கோடு மட்டும் வெளுப்பாக மிச்சமிருந்தது, அதுவும் இப்போது போய்விடும். நெஞ்சோடு சேர்த்துத் துப்பட்டாவால் இறுக்கிக் கட்டியிருந்த ஜோவி தூங்குகிறாளா, சோர்ந்து கிடக்கிறாளா, ஒன்றரை வயசுக் குழந்தைக்கு இரண்டுக்கும் என்ன வித்தியாசம், மூச்சு வருகிறது, கழுத்தில் படுகிறது, சூடாகப் படுகிறது, அது போதும். குழந்தையின் சூடு சுடிதாரைத் தாண்டி உள்ளே இறங்கியது, சுவிட்சை அணைத்த பிறகும் இஸ்திரிப் பெட்டியின் அடியில் வெகுநேரம் நிற்குமே அந்தச் சூடு மாதிரி, சே, இஸ்திரிப் பெட்டி இப்போது எதற்கு ஞாபகம் வருகிறது. அணைத்தோமா? அணைத்தாயிற்று. இன்றைக்குத் தேய்க்கவே இல்லையே, தேய்த்தது ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் போய்வந்த பிறகு. பின்னே ஏன் அந்த வாடை, சூடான பிளாஸ்டிக் மாதிரி ஒரு வாடை, மூக்கிலேயே நிற்கிறது. எதிர்ப்பக்க ரோட்டில் ஒரு பஸ் முழு வெளிச்சத்தையும் அள்ளி அவள் முகத்தில் கொட்டிவிட்டுப் போனது. கண்ணை மூடித் திறந்தபோது ரோடு இல்லை, பச்சையும் ஊதாவுமாக வட்டங்கள்தான் இருந்தன; வட்டங்கள் கரைய ரோடு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. இந்த இடைவெளியில் முன்னால் ஒருத்தர் நின்றிருந்தால்? நிற்கவில்லை. நின்றிருந்தால்? இப்படித்தான் அவளுக்கு எல்லாமே இரண்டு தடவை நடக்கும், ஒரு தடவை நடக்காமல், ஒரு தடவை நடந்த மாதிரி. கான்வென்டில் ராத்திரி ஜெபத்துக்கு முன்னால் அன்றைய தப்புகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்கச் சொல்வார்கள் சிஸ்டர்கள். ஹாஸ்டலில் மற்றப் பிள்ளைகள் எண்ணி முடித்துத் தூங்கிவிடுவார்கள், இவள் செய்யாத தப்புகளையும் சேர்த்து எண்ணிக்கொண்டு விழித்துக் கிடப்பாள்.

மேம்பாலத்துக்குக் கீழே இறங்குகிற வளைவு தாண்டியதும் தூரத்தில் மூன்று வெளிச்சங்கள் தெரிந்தன. தரையிலிருந்து ஓர் ஆள் உயரத்தில் மூன்று வெள்ளை எரிப்புகள், தோளிலிருந்து இடுப்புக்கு இரண்டு கோடு, குறுக்கே ஒரு கோடு. உடம்பில்லாத மூன்று சட்டைகள் காற்றில் நிற்கிற மாதிரி. செக்கிங். அவளுக்கு ஒரு சந்தோஷம் வந்தது, அதன் பின்னாலேயே பயம் வந்தது. இந்த இரண்டும் சேர்ந்து வருவது கல்யாணமானதிலிருந்து பழகிவிட்டது. புருஷன் இன்பராஜுக்கு இந்த வாரம் முழுக்க இங்கேதான் டியூட்டி, போக்குவரத்துக் காவலர், கையை நீட்டி வண்டியை நிறுத்துகிற வேலை. மூன்று பேர்தான் தெரிகிறார்கள், நாலு பேர் நிற்பதாகச் சொன்னானே, எஸ்.ஐ. சங்கரபாண்டியன், ஏட்டு வள்ளிநாயகம், பெண் போலீஸ் பேச்சித்தாய், இவன். அப்படியானால் இவன் டீ குடிக்கப் போயிருக்கிறான். நல்லது. டீக்கடையில் இருக்கிற வரைக்கும் அவனுக்கு ஒன்றும் ஆகாது, டீயைக் குடிக்கட்டும், இன்னொரு டீயும் குடிக்கட்டும், வடை சாப்பிடட்டும். போன வருஷம் இதே மாதிரி ஒரு வளைவில்தான் தங்கதுரையை அடித்துவிட்டது மினி லாரி. தங்கதுரையும் இவனும் ஒரே செட்டு, ஒன்றாகப் பயிற்சி முடித்தவர்கள். ஆஸ்பத்திரிக்கு ஹார்லிக்ஸ் பாட்டில் வாங்கிக்கொண்டு போனபோது தங்கதுரையின் மனைவி அழவில்லை, கட்டிலின் கம்பியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள், ஒரே இடத்தை, துணி கிழிகிற மாதிரி. அந்த டிரைவர் குடித்திருக்கவில்லை, வேகமாகவும் வரவில்லை. தெரியல சார், ஆள் நிக்கது தெரியவே இல்ல சார் என்று ஸ்டேஷனில் தலையில் அடித்துக்கொண்டு அழுதானாம். அவன் பொய் சொல்லியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். குடித்திருந்தால் இன்னும் நன்றாயிருந்திருக்கும், யாரையாவது திட்டலாம். தெரியல என்பவனை என்ன செய்வது.

அதற்கப்புறம் எல்லாருக்கும் வகுப்பு வைத்தார்கள். இன்பராஜ் சாப்பிட உட்கார்ந்ததும் அதை நடித்துக் காட்டினான், தட்டை வண்டியாக்கி, தண்ணீர்ச் செம்பைப் போலீசாக்கி. வண்டிக்கு நேர் முன்னால போய் விழக்கூடாது, ஓரமா நிக்கணும், ரோட்டுப் பக்கம் முதுகு காட்டக்கூடாது, பைக்குல இருந்து சாவியப் பிடுங்கக்கூடாது, ஓடுறவன விரட்டக்கூடாது, நம்பரக் குறிச்சுக்கிட்டு விட்டுரணும், வண்டிக்காரன் வெளிச்சத்துல நம்ம ஜாக்கெட் பளிச்சுன்னு தெரியணும். வண்டிக்காரனுக்கும் ஒரு பாடம் உண்டாம், கையைப் பார்த்ததும் வேகத்தைக் குறை, லைட்டைத் தாழ்த்து, இடது பக்கம் ஒதுங்கு, எஞ்சினை அணை, கையை ஹேண்டில்பார் மேலேயே வை, எகிறிக் குதித்து ஓடாதே. யாரு அப்படிக் கைய வச்சான் என்றான் சிரித்துக்கொண்டே, சோற்றைப் பிசைந்துகொண்டே. பழைய வண்டி வச்சிருக்க பயலுவ என்ன செய்யான் தெரியுமா, புது வண்டியிலதான் லைட்ட அணைக்க முடியாது, பழசுல முடியுமுல்லா, தூரத்துலயே நம்மளப் பாத்துட்டு லைட்ட அணைச்சிருதான், இருட்டுக்குள்ள இருட்டா வாரான், சத்தம் மட்டுந்தான் கேக்கும். நீங்க என்ன செய்வீங்க என்று கேட்டாள். கைய நீட்டுவோம். வேற என்ன செய்ய. அவளுடைய சின்னம்மா மகன் ஒருத்தன் அப்படித்தான், லைசென்ஸ் இல்லாத பயத்தில் போலீஸைக் கண்டதும் வண்டியைத் திருப்பப் பார்த்து, யாரோ சாவியைப் பிடுங்கி, விழுந்து, புருவத்தில் தையல். அவன் இப்போதும் போலீஸைப் பார்த்தால் பிரேக்கைப் பிடிப்பதற்குப் பதில் ஆக்சிலேட்டரைத் திருகுகிறான், கை தானாகத் திருகுது அக்கா என்கிறான். இந்தப் பக்கம் நிற்கிறவனுக்குப் பயம், அந்தப் பக்கம் வருகிறவனுக்குப் பயம், இரண்டு பயமும் மோதிக்கொள்கிற இடத்துக்குப் பெயர் செக்கிங். மூன்று வெளிச்சங்களும் இப்போது பெரிதாகிவிட்டன. தடுப்பு தெரிந்தது, அதன் பின்னால் ஜீப். உயரக் கம்பத்து விளக்கு எரியவில்லை. நான் வேகத்தைக் குறைக்க வேண்டும், குறைக்கிறேன், ஜோவி நெளிந்தாள், அவள் தலையைத் தாடையால் ஒதுக்கி

மூன்று வெளிச்சங்களுக்கும் முன்னால், ஒன்றுமே இல்லாத இடத்திலிருந்து ஒரு கை முளைத்தது.

பிரேக்கைப் பிடித்தாள், இரண்டையும், வண்டியின் பின்பக்கம் ஆடியது, கால் இரண்டும் தரையில் உரசின, குழந்தை வீறிட்டது, முன்சக்கரம் ஒரு பூட்ஸின் நுனியைத் தொட்டுக்கொண்டு நின்றது. ஹெட்லைட் வெளிச்சத்தில் முட்டிக்குக் கீழே காக்கி, மேலே எதுவுமில்லை, அதற்கும் மேலே ஒரு தொண்டை. “ஏம்மா, கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு? கை காட்டுறது தெரியல?” அந்தத் தொண்டையை அவளுக்குத் தெரியும். காலையில் தண்ணீர் எங்கே என்று கேட்ட தொண்டை, ஜோவிக்கு யானை மாதிரி பிளிறிக் காட்டுகிற தொண்டை. ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கினாள். அது நழுவி விழுந்தது, மறுபடி தூக்கினாள். “என்னங்க” என்றாள். இருட்டு குனிந்து அவள் முகத்தைப் பார்த்தது. பிறகு, “ஏட்டி, நீயா? நீ எங்கட்டி இந்தப் பக்கம்?” என்றது. “ஊருக்குள்ள ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்கு. டாக்டர்ட்ட போயிட்டு...” “காச்சல் விடலையா? என்ன சொன்னாரு?” “ஒண்ணுமில்லன்னாரு.” “அப்ப ஒண்ணுமில்ல. கொஞ்சம் பாத்து வரக்கூடாதா? இன்னும் அரை அடி விட்டிருந்தா எங்காலு போயிருக்கும்” என்று அவன் சிரித்தான். அரை அடி. காலோடு நின்றிருக்குமா. அவன் சிரிக்கிறான், என் வண்டியின் சக்கரம் அவன் பூட்ஸைத் தொட்டுக்கொண்டிருக்கிறது, அவன் சிரிக்கிறான், நான் பார்த்துத்தானே வந்தேன், முழுசாகப் பார்த்துக்கொண்டுதானே வந்தேன், மூன்று பேரைப் பார்த்தேனே, ஒவ்வொருவரையும் எண்ணினேனே.

“யாருய்யா அது, இன்பா?” பின்னாலிருந்து எஸ்.ஐ.யின் குரல். “வீட்ல சார்.” “வீட்லயா? ஏ, அப்ப ஃபைனப் போடு மொதல்ல. போலீஸ்காரன் பொண்டாட்டின்னா பிரேக்கு வேண்டாமா?” ஏட்டு வள்ளிநாயகம் கனைத்துக்கொண்டே சிரித்தார். பேச்சித்தாய் ஓடிவந்து வண்டியின் ஹேண்டிலைப் பிடித்துத் தடுப்புக்கு அந்தப் பக்கம், ஜீப்புக்குப் பக்கத்தில் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினாள். “பிள்ளைக்குக் காச்சலா மைனி? மேலு அனலாக் கொதிக்கே. இறங்கி இருங்க, கொஞ்சம் தண்ணி குடுங்க பிள்ளைக்கு.” அவளுடைய பெருவிரலில் மருதாணி. இருபத்தி நாலு இருபத்தைந்து வயசுதான் இருக்கும், இவளுடைய அம்மாவும் எங்கேயோ உட்கார்ந்து ரோட்டை நினைத்துக்கொண்டிருப்பாள். ஜெசிந்தா துப்பட்டாவை அவிழ்த்தாள், முடிச்சு இறுகிப்போயிருந்தது, பல்லால் இழுத்து அவிழ்த்தாள். எஸ்.ஐ. பக்கத்தில் வந்தார். கெட்ட மனுஷர் இல்லை, ஜோவியின் ஞானஸ்நானத்துக்கு வந்து வெள்ளிக் கிண்ணம் கொடுத்தவர். “பயந்துட்டியாம்மா? இன்பாதான் எப்பவும் முன்னாடி நிப்பான். டி.எஸ்.பி. ஐயா இன்ஸ்பெக்ஷன்ல என்ன சொன்னாரு தெரியுமா? யோவ், இவன் ஜாக்கெட்டப் பாருங்கய்யா, சுத்தம்னா இது சுத்தம், உங்க ஜாக்கெட்டும் இருக்கே, மீன்கடைத் துணி மாதிரின்னு கேட்டுட்டாரு. அதான் நானும் சொல்லிட்டேன், ஏ இன்பா, உன் ஜாக்கெட்தான் புதுசு மாதிரி பளபளன்னு இருக்கு, நீயே முன்னால நில்லுன்னு. உன் கைவேலைதானே?”

ஆமாம் சார் என்று அவள் சொன்னாள். சொன்ன சத்தம் அவளுக்கே கேட்டது. உன் கைவேலைதானே, ஆமாம் சார். கிளாஸில் எழுந்து நின்று சொல்கிற மாதிரி, கையைக் கட்டிக்கொண்டு சொல்கிற மாதிரி. மூக்கில் நின்ற வாடை இப்போது என்னவென்று தெரிந்தது. ஒரு தண்ணியில அலசிப் போடு போதும் என்றுதான் அவன் சொன்னான், திங்கட்கிழமை இன்ஸ்பெக்ஷன் இருக்கு. அலசிப் போட்டால் போதுமா? கிரீஸ் கறை, யாரோ பஸ்ஸிலிருந்து துப்பிய வெற்றிலைச் சாறு, கழுத்துப் பட்டியில் அழுக்கு. அவள் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் வைத்தாள், பிளீச்சிங் பவுடர் போட்டாள், இரவெல்லாம் ஊறப் போட்டாள், பிரஷ்ஷால் தேய்த்தாள், அந்த வெள்ளிப் பட்டைகளை எல்லாவற்றையும்விட அதிகமாகத் தேய்த்தாள், அவைதான் முக்கியம் என்று அவளுக்குத் தெரியும் அல்லவா, தங்கதுரை ஞாபகம் அல்லவா. காய்ந்ததும் பட்டைகள் சுருங்கி நின்றன. சுருக்கம் இருந்தால் கான்வென்டில் முழங்காலிட வைப்பார்கள். கர்சீப்பைக்கூடத் தேய்த்து நாலாக மடித்துக் கொண்டுவர வேண்டும், கசங்கிய துணி கசங்கிய மனசு என்பார் வார்டன் சிஸ்டர். பெட்டியைச் சூடு பண்ணி, ஒரு மெல்லிய வெள்ளைத் துணியை மேலே போட்டு, பட்டைகளின் மேல் அழுத்தி அழுத்தி இழுத்தாள். ஒரு வாடை வந்தது. ஜன்னலைத் திறந்துவிட்டாள். துணியை எடுத்தபோது அதில் சாம்பல் நிறத்தில் ஒரு பொடி அப்பியிருந்தது, பட்டாம்பூச்சியைப் பிடித்துவிட்ட விரலில் இருக்குமே அந்த மாதிரி மெல்லிய பொடி. துணியை உதறினாள். கட்டிலில் உட்கார்ந்திருந்த ஜோவியின் தலையிலும் கன்னத்திலும் அது விழுந்தது. ஜாக்கெட் விறைப்பாக, மடிப்புக் குலையாமல், கடையில் வாங்கினது மாதிரி இருந்தது. கிளிப்பச்சையும் மஞ்சளும் கலந்த அந்தத் துணி வெயிலில் கண்ணைக் குத்தியது. அவளுக்கு அன்றைக்கு முழுக்கச் சந்தோஷம். என் வீட்டுக்காரர் வெளியே போகிறபோது நூறு கெஜம் தள்ளி வருகிறவனுக்கும் தெரிவார் என்று சந்தோஷம். ஜோவியை ஒரு போட்டோ எடுத்தாள், அறை இருட்டாயிருந்ததால் ஃபிளாஷ் அடித்தது. போட்டோவில் குழந்தையின் தலைமுடியெல்லாம் வெள்ளை வெள்ளையாக எரிந்தது, கன்னத்தில் ஒரு நட்சத்திரக் கூட்டம். தங்கச்சிக்கு அனுப்பினாள். பாப்பா ஏஞ்சல் மாதிரி இருக்கா அக்கா என்று பதில் வந்தது. சாயங்காலம் குழந்தையைக் குளிப்பாட்டினாள். அவ்வளவுதான். அவனுடைய முதுகிலும் நெஞ்சிலும் இருக்க வேண்டிய வெளிச்சத்தைச் சோப்புப் போட்டுத் தேய்த்து, தண்ணீர் ஊற்றி, குளியலறை ஓட்டை வழியாக அனுப்பிவிட்டாள். பகலில் பார்க்கிறவருக்கு அது தெரியாது. டி.எஸ்.பி. பகலில் பார்த்தார். எஸ்.ஐ. பகலில் பார்த்தார். அவளும் பகலில்தான் பார்த்தாள்.

“என்னங்க” என்று கூப்பிட்டாள். அவன் ஒரு காரை அனுப்பிவிட்டு வந்தான். வருகிறபோது ஜீப்பின் உள்விளக்கில் ஜாக்கெட் பளிச்சென்றுதான் இருந்தது, அதுதான் கொடுமை. “உங்க ஜாக்கெட் எரியல” என்றாள். “எரியலையா? அது என்ன பல்பா?” “விளையாடாதீங்க. எனக்கு மூணு பேருதான் தெரிஞ்சுது. நீங்க டீ குடிக்கப் போயிருக்கீங்கன்னு நெனச்சேன். அந்த வெள்ளிப் பட்டை போச்சு. நான் தேச்சதுல போச்சு.” அவன் குனிந்து தன் நெஞ்சைப் பார்த்துக்கொண்டான், விரலால் பட்டையைச் சுரண்டினான். “நல்லாத்தானட்டி இருக்கு.” “வெளிச்சம் பட்டாத்தான் தெரியும், வண்டில வர்றவங்களுக்குத்தான் தெரியும். கழட்டிட்டு வேற போடுங்க.” “வேற எங்க இருக்கு? ஆளுக்கு ஒண்ணுதான் குடுத்திருக்கு. ஏட்டையா, ஒங்க ஜாக்கெட்டத் தாரியளா, எங்க வீட்ல கேக்கா.” வள்ளிநாயகம் தன் தொப்பையைத் தட்டினார். “தாரேன்டே, இதுக்குள்ள ஒன்ன மாதிரி ரெண்டு பேரு போலாம். அப்புறம் நான் ஒன்னோடத மூக்குலயா மாட்ட?” எல்லோரும் சிரித்தார்கள். பேச்சித்தாய் மட்டும் சிரிக்கவில்லை. தன் ஜாக்கெட்டின் பட்டையைக் கையால் ஒருமுறை தடவிக்கொண்டாள். “அந்தச் செவப்பு லைட்டுத் தடி?” என்று ஜெசிந்தா கேட்டாள். “ஜீப்புல கெடக்கு. சார்ஜ் நிக்கல. ரெண்டு தடவ எழுதிப் போட்டாச்சு.” அவள் எஸ்.ஐ.யிடம் போனாள், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு போனாள், குழந்தையோடு கேட்டால் இல்லையென்று சொல்லமாட்டார் என்று நினைத்துத்தான் அப்படிப் போனாள், அந்த நினைப்புக்காக வெட்கப்பட்டுக்கொண்டே போனாள். “சார், அவங்கள மட்டும் இன்னிக்குத் தடுப்புக்குப் பின்னாடி நிக்கச் சொல்லுங்க சார்.” சங்கரபாண்டியன் அவளை அன்பாகத்தான் பார்த்தார். “எல்லாரும் பின்னாடி நின்னா முன்னாடி யாரும்மா நிக்கிறது? வள்ளிநாயகம் நிக்கட்டுமா, அவருக்கு முட்டி வலி. இந்தப் பிள்ள நிக்கட்டுமா? நான் நிக்கட்டுமா? எனக்கும் வீட்ல ஒருத்தி இருக்கா.” நீங்கள் நில்லுங்கள் என்று ஒரு கணம் உள்ளே ஏதோ சொன்னது. சொன்னதை அவள் கேட்டாள். வெள்ளிக் கிண்ணம். “பயப்படாதம்மா. நாளைக்கு ஸ்டோர்ல சொல்லி வேற எடுத்துத் தாரேன். பிள்ளையக் கூட்டிட்டு வீட்டுக்குப் போ.” நாளைக்கு. இப்போதுதான் இருட்டவே ஆரம்பித்திருக்கிறது.

போகவில்லை. குழந்தையை மறுபடி கட்டிக்கொள்கிற மாதிரி பாவனை செய்துகொண்டு நின்றாள். அவன் முன்னால் போய், அதே இடத்தில், அதே ஒன்றுமில்லாத இடத்தில் நின்றான். வீட்டுக்குப் போய் என்ன செய்வது. கஞ்சி காய்ச்சுவது, மருந்து கொடுப்பது, ஈரத்துணியை நெற்றியில் போடுவது, ஒவ்வொரு சத்தத்துக்கும் வாசலைப் பார்ப்பது. இங்கே நின்றால் மட்டும்? ஒரு யோசனை வந்தது. வந்தபோது அது யோசனையாகத் தெரியவில்லை, கருணையாகத் தெரிந்தது. குழந்தையை மார்போடு அணைத்தபடியே ஸ்கூட்டரை ஒற்றைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினாள், மூக்கு அவனைப் பார்த்து நிற்கும்வரை. ஜோவியைக் கால் வைக்கிற இடத்தில் ஒரு நிமிஷம் நிறுத்தி முழங்காலால் முட்டுக் கொடுத்துக்கொண்டு, ஒரு கையால் பிரேக்கை அமுக்கி, இன்னொரு கையால் ஸ்டார்ட் பொத்தானை அமுக்கினாள். எஞ்சின் ஓடியதும் வெளிச்சம் பாய்ந்தது. அவன் தெரிந்தான். முழுசாகத் தெரிந்தான், காது, கழுத்தில் மச்சம், வியர்வையில் ஒட்டிய சட்டை, பெல்ட், பூட்ஸின் தேய்ந்த குதிகால். கடவுளே, இப்படியே இருக்கட்டும், பெட்ரோல் இருக்கிறவரை இருக்கட்டும், தீர்ந்தால் வாங்கிக்கொண்டு வருகிறேன். அவளுடைய வெளிச்சத்தில் அவனுடைய நிழல் ரோட்டில் நீண்டு, வருகிற வண்டிகளை நோக்கிப் போய்க் கிடந்தது. ஒரு வேன் வந்தது, வந்தது, கடைசியில் திடீரென்று தடுமாறி வலப்பக்கம் வெட்டி, ஹாரனை அலறவிட்டுக்கொண்டு தடுப்பை உரசுகிற மாதிரி போனது. டிரைவர் தலையை வெளியே நீட்டி, “எவன்லே அது, கண்ணுக்குள்ள லைட்ட அடிக்கது?” என்று கத்தினான். இன்பராஜ் திரும்பினான். கண்ணுக்கு மேல் கையைக் குடையாக வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தான், முதலில் புரியாமல், பிறகு புரிந்து. “ஏட்டி, என்னட்டி செய்த? வர்றவனுக்கு ஒன் லைட்டுதான தெரியும், என்னையா தெரியும்? அணைச்சுத் தொல!” “உங்களத் தெரியணும்னு...” “வர்றவன் பாக்குற பக்கம் நான் இருட்டு, ஒம் பக்கம் முதுகுதான் வெளிச்சம். அணைட்டி!” எஸ்.ஐ. இந்தப் பக்கம் பார்க்கவில்லை, பார்க்காமலிருப்பது தெரிகிற மாதிரி பார்க்காமலிருந்தார். இந்த வண்டியில் லைட்டை மட்டும் அணைக்க முடியாது. அவள் சாவியைத் திருப்பினாள். எஞ்சின் நின்றது, வெளிச்சம் நின்றது, அவன் போய்விட்டான். அவன் நின்ற இடத்தை அவளே தன் கையால் அணைத்த மாதிரி இருந்தது. சாரி என்று சொல்ல நினைத்தாள், யாரிடம் என்று தெரியவில்லை.

இருட்டு பழகியபோது நாலு பேரும் தெரிந்தார்கள், நாலு பேரும் ஒரே மாதிரி கறுப்பாக. அவளுக்கு முதலில் அது ஆறுதலாக இருந்தது, எல்லாருக்கும் ஒன்றுதான் போலிருக்கிறது என்று. பிறகு ஒன்பதாம் வகுப்பு, சிஸ்டர் எமரென்ஷியா, சாக்பீஸ் தூசி படிந்த விரல்கள். கண்ணாடி வெளிச்சத்தை வேறெங்கோ அனுப்பும் பிள்ளைகளா, சுவர் நாலா பக்கமும் சிதறவிடும், மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, அது அனுப்பியவருக்கே திருப்பி அனுப்பும், வேறு யாருக்கும் காட்டாது. அதுதான். வருகிறவனுக்கு மட்டும்தான் தெரியும். அவன் கண்ணுக்கு மூன்று பேர் எரிவார்கள், ஒருத்தன் எரியமாட்டான்; இங்கே ஜீப்புக்குப் பக்கத்தில் நிற்கிற அவளுக்கு அதில் ஒன்றும் தெரியாது. ஒவ்வொரு வண்டியிலும் யாரோ ஒருத்தர் அவள் புருஷனைப் பார்க்கிறார்கள் அல்லது பார்க்கவில்லை, அதை அவள் கேட்க முடியாது. கேட்க முடிவது சத்தம் மட்டும்தான். அதனால் சத்தத்தைக் கேட்டாள். ஒரு லாரி வந்தது, இறக்கத்தில் உறுமிக்கொண்டு வந்தது, அவள் மூச்சை நிறுத்தினாள், காற்று விடுகிற பிரேக்கின் சத்தம் கேட்டது, குறைந்தது, பார்த்துவிட்டான். மூச்சு விட்டாள். ஒரு கார், குறைந்தது. ஓர் ஆட்டோ, அது எப்போதுமே மெதுவாகத்தான். ஒரு பஸ், குறையவில்லை, குறையவில்லை, குறைந்தது. ஜோவி மடியில் புரண்டாள். ஸ்கூட்டரின் இருக்கையில் உட்கார்ந்து குழந்தையின் தலைக்கு இடது கையை அணையாகக் கொடுத்திருந்தாள், கை மரத்துப்போயிருந்தது, எடுத்தால் விழித்துக்கொள்வாள். ஒவ்வொரு வண்டிக்கும் மனசுக்குள் ஒரு ஜெபம் ஆரம்பித்தது, பாதியில் வண்டி கடந்துபோனது, மீதி ஜெபம் அப்படியே நின்றது. எத்தனை பாதி ஜெபங்கள், எந்தக் கணக்கில் சேரும். இன்றைக்கு இது முடிந்தால் நாளைக்கு வேறு ஜாக்கெட் தருவார்கள். அல்லது ஸ்டோர் பூட்டியிருக்கும். அல்லது தருவார்கள், அதை யாரையும் துவைக்க விடமாட்டேன், அழுக்காக இருக்கட்டும், நாறட்டும், வெற்றிலைச் சாறு இருக்கட்டும். நாளை மறுநாளும் ரோடு இருக்கும். அவன் ரிட்டயர் ஆகிறவரை ஒவ்வொரு சாயங்காலமும் ரோடு இருக்கும், ஒவ்வொரு சாயங்காலமும் யாரோ ஒருத்தர் எதிர்வண்டி வெளிச்சத்தில் கண்ணை மூடித் திறப்பார், நான் மூடித் திறந்த மாதிரி, நல்லவர்தான், குழந்தைக்குக் காய்ச்சல், வீட்டுக்குப் போகிற அவசரம்.

பஸ் போன பிறகு வண்டி எதுவும் வரவில்லை. வளைவுக்கு அந்தப் பக்கம் வரைக்கும் ரோடு கறுப்பாக நீண்டு கிடந்தது, ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. இன்பராஜ் கையை உதறிவிட்டுக்கொண்டான், கழுத்தைச் சொடக்கினான், அந்தச் சின்னச் சத்தம்கூட அவளுக்குக் கேட்டது. அதற்கப்புறம் வேறொரு சத்தம். தூரத்தில், வளைவில், பழைய பைக்கின் படபடப்பு. வெளிச்சம் பின்னால் வரும் என்று பார்த்தாள். வரவில்லை. சத்தம் மட்டும் வந்தது, பெரிதாகிக்கொண்டு வந்தது, குறையவில்லை. வேகம் பிடிக்கிறது. கை தானாகத் திருகுது அக்கா. இன்பராஜுக்கும் கேட்டுவிட்டது, அந்தக் கறுப்பு ஒரு கையை நீட்டிக்கொண்டு ஓரடி முன்னால் போனது. என்னங்க என்று கூப்பிட வாயைத் திறந்தாள். கூப்பிட்டால் திரும்புவான், திரும்பினால் ரோட்டைப் பார்க்கமாட்டான். வாய் திறந்தபடியே நின்றது. வலது கை சாவியைத் தேடிப் பிடித்துத் திருப்பியது. ஸ்டார்ட் பொத்தானை அமுக்கினாள், வண்டி உயிர் பிடிக்கவில்லை, மறுபடி அமுக்கினாள். இடது பக்கப் பிரேக்கைச் சேர்த்துப் பிடித்தால்தான் இந்த வண்டி ஸ்டார்ட் ஆகும், ஸ்டார்ட் ஆனால்தான் லைட் எரியும். அதற்கு இன்னொரு கை வேண்டும். அந்தக் கை குழந்தையின் தலைக்கு அடியில் இருந்தது.